ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் இல்லை, அம்மாவின் இடுப்பு வலி மட்டும் ஏன் நிற்கவில்லை?

கேட்கப்பட்டது இதுதான்: 54 வயது அம்மாவுக்கு நான்கு வருடமாக இடுப்பு வலி. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் முதுகெலும்புகளுக்கு இடையில் உள்ள ஜவ்வு (டிஸ்க்) லேசாகப் பிதுங்கியிருக்கிறது, தேய்மானம் இருக்கிறது என்று வந்தது. ஒரு டாக்டர் ஆபரேஷன் தேவைப்படலாம் என்றார். இன்னொருவர், "இது வயசுக்கு உரியதுதான், இவ்வளவு வலிக்கும் அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை, மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள்" என்றார். அதைக் கேட்டதிலிருந்து அம்மா வலியைப் பற்றி வாய் திறப்பதே இல்லை. இந்த வலி உண்மையா, மனப்பிரமையா? ஆராய்ச்சியில் புதிதாக மருந்து ஏதும் வந்திருக்கிறதா?

நான் பதினான்கு வருடமாக பிசியோதெரபிஸ்ட். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் உங்கள் அம்மாவைப் போன்றவர்கள்தான், அதனால் வலி பற்றிய ஆய்வுகளை விடாமல் படித்துவருகிறேன். முதல் கேள்விக்குப் பதில் ஒரே வரி: அம்மாவின் வலி உண்மை. இதை இன்றைக்கே அவரிடம் சொல்லிவிடுங்கள். கீழே உள்ளதை அப்புறம் நிதானமாகப் படிக்கலாம்.

குழப்பம் ஸ்கேனில் தொடங்கியதால் நானும் அங்கிருந்தே வருகிறேன். 1994இல் அமெரிக்காவில் முதுகு வலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 52 சதவீதம் பேருக்கு ஏதாவது ஓர் இடத்தில் ஜவ்வு பிதுங்கியிருந்தது. எல்லா ஜவ்வும் ஒழுங்காக இருந்தவர்கள் 36 சதவீதம்தான். 2015இல் இதேபோன்ற 33 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து, வலியில்லாத 3,110 பேரின் படங்களை வைத்துக் கணக்குப் போட்டார்கள். 20 வயதிலேயே 37 சதவீதம் பேருக்குத் தேய்மானம் தெரிந்தது. 50 வயதில் 80 சதவீதம், 80 வயதில் 96 சதவீதம். இவர்கள் யாருக்கும் வலி இல்லை என்பதை மறக்க வேண்டாம். உங்கள் அம்மாவின் தெருவில் அவர் வயதுப் பெண்கள் பத்துப் பேரைக் கூட்டிப்போய் எம்.ஆர்.ஐ. எடுத்தால், ஏழெட்டுப் பேருக்கு ரிப்போர்ட்டில் தேய்மானம் என்றுதான் வரும். தலை நரைப்பது போல முதுகெலும்பும் நரைக்கிறது, அவ்வளவுதான்.

ரிப்போர்ட்டில் உள்ள வார்த்தைகள் செய்யும் தீங்கை நான் அடிக்கடி பார்க்கிறேன். "ஜவ்வு தேஞ்சிருச்சு, கிழிஞ்சிருச்சு" என்று ஒருமுறை காதில் விழுந்துவிட்டால் போதும். அதுவரை குடம் தூக்கியவர் தூக்கமாட்டார், குனிந்து கோலம் போடமாட்டார், பெல்ட் இல்லாமல் பஸ் ஏறமாட்டார். ஆறு மாதத்தில் முதுகுத் தசை இளைத்துவிடும். அதற்கப்புறம் உண்மையிலேயே குனிய முடியாது.

ஸ்கேன் வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போவது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, கால் பலமிழந்து செருப்பு நழுவுவது, காய்ச்சலோடு வரும் முதுகு வலி, காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, விழுந்து அடிபட்டது: இவற்றில் ஏதாவது இருந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும். முதல் மூன்றும் அவசர சிகிச்சைக்கு உரியவை. இவை எதுவும் இல்லையென்றால் ஸ்கேன் படம் வலியின் காரணத்தைச் சொல்லும் சாட்சி ஆகாது.

சரி, படத்தில் காரணம் இல்லையென்றால் வலி எங்கிருந்துதான் வருகிறது?

வலியைப் பற்றி நம் எல்லோர் மனதிலும் இருக்கும் படம் பிரெஞ்சுத் தத்துவஞானி தெகார்த் வரைந்துகாட்டியது. 1664இல், அவர் இறந்தபின் வெளிவந்த நூலில் இருக்கிறது. நெருப்பில் கால் படுகிறது, காலிலிருந்து ஓடும் ஒரு நூல் மூளையில் இருக்கும் மணியை அடிக்கிறது. காயம் எவ்வளவோ வலியும் அவ்வளவு. முந்நூறு வருடம் மருத்துவம் ஏறக்குறைய இந்தப் படத்தை வைத்துக்கொண்டுதான் ஓடியது.

இரண்டாம் உலகப் போரில் ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க மயக்க மருத்துவர் இந்தப் படத்துக்குப் பொருந்தாத ஒன்றைக் கண்டார். இத்தாலியப் போர்முனையில் படுகாயம் அடைந்து கொண்டுவரப்பட்ட, நினைவோடு இருந்த வீரர்களிடம் வலிக்கு மருந்து வேண்டுமா என்று கேட்டார். நான்கில் ஒருவர்தான் வேண்டும் என்றார். வீட்டில் அதைவிடச் சிறிய காயத்துக்குத் துடித்துப்போகிறோம். போர்க்களத்தில் அந்தக் காயத்துக்குப் பொருளே வேறு: இனி சண்டை இல்லை, உயிரோடு வீடு திரும்பலாம். காயத்தின் அளவும் வலியின் அளவும் ஒன்றல்ல என்பதை 1946இல் அவர் எழுதினார்.

1965இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இருவர் இதற்கு விளக்கம் கொடுத்தார்கள். தண்டுவடத்தில் ஒரு கதவு இருக்கிறது, உடம்பிலிருந்து வரும் வலிச் செய்தி அதைத் தாண்டித்தான் மூளைக்குப் போக வேண்டும், அந்தக் கதவைத் திறக்கவும் சாத்தவும் முடியும் என்றார்கள். முட்டியை இடித்துக்கொண்ட உடனே கை தானாகப் போய்த் தேய்க்கிறது அல்லவா? தேய்க்கும்போது போகும் தொடு உணர்வு கதவைக் கொஞ்சம் சாத்துகிறது. மூளையும் மேலிருந்து கதவைச் சாத்தும், பயமோ கவலையோ தூக்கமின்மையோ இருந்தால் அகலத் திறந்தும் வைக்கும். அவர்கள் சொன்ன நுணுக்கங்களில் சில பின்னால் திருத்தப்பட்டன. அடிப்படை நின்றுவிட்டது.

உங்கள் அம்மாவின் கேள்விக்கு மிக நெருக்கமானது அதற்கு அடுத்த கண்டுபிடிப்பு. 1983இல் லண்டனில் கிளிஃபோர்ட் வுல்ஃப் எலிகளை வைத்துச் செய்த ஆய்வு. காலில் காயம்பட்ட பிறகு தண்டுவடத்து நரம்பணுக்களே மாறிப்போகின்றன, முன்பு பொருட்படுத்தாத லேசான தொடுதலுக்குக்கூடப் பலமாகத் துள்ளுகின்றன என்று கண்டார். காயம்பட்ட இடத்தை மரக்கவைத்த பிறகும் அந்த மிகை உணர்ச்சி உடனே அடங்கவில்லை. அதாவது பிரச்சினை காலிலிருந்து தண்டுவடத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

நோயாளிகளுக்கு இதை நான் விளக்குவது இப்படி. ஒரு வீட்டில் ஒருமுறை திருடன் வந்துவிட்டான். அதற்கப்புறம் அந்த வீட்டு நாய் காய்ந்த இலை விழுந்தாலும் குரைக்கும், பால்காரர் வந்தாலும் குரைக்கும். திருடன் இல்லை என்பது உண்மை. நாய் குரைப்பதும் உண்மை, வீட்டில் யாரும் தூங்க முடியாததும் உண்மை. "திருடனே இல்லையே, உனக்கு எதுவும் கேட்கவில்லை" என்று வீட்டுக்காரரிடம் சொன்னால் அவருக்கு எப்படி இருக்கும்? உங்கள் அம்மாவுக்கு அதுதான் நடந்தது.

இல்லாத கை கால் வலிப்பது இதற்கு இன்னும் அழுத்தமான உதாரணம். கையை வெட்டி எடுத்த பிறகும் அந்தக் கை முறுக்கிக்கொண்டு வலிப்பதாகப் பலர் சொல்வார்கள். நம் நரம்பியல் விஞ்ஞானி விளையனூர் ராமச்சந்திரன் கலிபோர்னியாவில் 1990களில் இதற்கு ஒரு சாதாரணக் கண்ணாடியை வைத்தார். இருக்கும் கையின் பிம்பம், இல்லாத கையின் இடத்தில் தெரியும். அந்தக் 'கை' விரிந்து மூடுவதைப் பார்த்தபோது சிலருக்கு இறுக்கம் தளர்ந்தது. எல்லோருக்கும் பலிக்கவில்லை, பின்னால் வந்த ஆய்வுகளின் முடிவுகளும் கலவையாகவே இருக்கின்றன. ஆனாலும் கையே இல்லாதபோது எந்த ஸ்கேனில் அந்த வலியைத் தேடுவது?

இன்று வலியை மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். சதை, எலும்பு, மூட்டு அடிபட்டதால் வருவது ஒன்று. நரம்பே சேதமாகி வருவது இன்னொன்று, சர்க்கரை நோயாளிகளின் பாத எரிச்சல் போல. மூன்றாவதற்கு 2017இல்தான் பெயர் வைத்தார்கள்: நோசிபிளாஸ்டிக் வலி. திசுவும் நரம்பும் சேதமானதற்குத் தெளிவான ஆதாரம் இருக்காது, வலியைக் கையாளும் அமைப்பே மாறிப்போயிருக்கும். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை ஒரு நோயாகவே உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அந்தப் பதிப்பு 2022இல் நடைமுறைக்கு வந்தது. நான்கு வருட வலிக்காரரிடம் "உங்களுக்கு நோய் ஒன்றும் இல்லை" என்று சொல்ல இனி புத்தகத்திலும் இடமில்லை.

எந்த வகை என்று கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. நோயாளியின் வாய்ச்சொல்தான் பெரிய துப்பு. மேலே சொன்ன மெல்சாக்கே 1975இல் வலியைக் குறிக்கும் வார்த்தைகளைத் திரட்டி ஒரு கேள்வித்தாள் தயாரித்தார். தமிழில் நமக்குப் பஞ்சமே இல்லை: குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல், இழுத்துப் பிடிப்பது, விண்விண்ணென்று தெறிப்பது, சுருக்கென்று ஷாக் அடிப்பது, மரமரப்பு, எறும்பு ஊர்வது. எரிச்சல், ஷாக், மரமரப்பு, ஊறல் என்றால் நரம்பு பக்கம் யோசிக்க வேண்டும். உடம்பெல்லாம் உளைச்சல், தொட்டாலே நோகிறது, காலையில் எழுந்தால் தூங்கியதுபோலவே இல்லை என்றால் மூன்றாவது வகை. "வலிக்குதுங்க" என்று ஒரே சொல்லில் நிறுத்திவிடாமல், அம்மா தன் வீட்டு வார்த்தையிலேயே டாக்டரிடம் சொல்லட்டும்.

"மனசு" என்ற பேச்சுக்கு வருகிறேன். 2021இல் லண்டன், லிவர்பூல், ஸ்வீடன் ஆய்வாளர்கள் சேர்ந்து ஒரு சோதனை செய்தார்கள். ஃபைப்ரோமயால்ஜியா என்ற உடம்பு முழுக்க வலிக்கும் நோய் உள்ளவர்களின் ரத்தத்திலிருந்து எதிர்ப்புப் புரதங்களைப் பிரித்து எலிகளுக்குச் செலுத்தினார்கள். எலிகள் அழுத்தத்துக்கும் குளிருக்கும் கூடுதலாக நோவு காட்டின, நடமாட்டமும் குறைந்தது. நோயில்லாதவர்களின் புரதத்தைச் செலுத்திய எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. காலம் காலமாக "பொம்பளைங்க பிரமை" என்று ஒதுக்கப்பட்ட நோய் இது. எலிக்கு என்ன பிரமை? இந்த ஆய்வைப் படித்த அன்று, நான் தொழிலுக்கு வந்த புதிதில் சரியாகக் காதுகொடுத்துக் கேட்காமல் அனுப்பிய சில பெண்களின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

அதற்காக மனதுக்குச் சம்பந்தமே இல்லை என்றும் சொல்லக்கூடாது. பயம், தூக்கமின்மை, துக்கம், வீட்டுச் சண்டை எல்லாம் வலியைக் கூட்டும், ஏனென்றால் இவை எல்லாம் ஓடுவதும் அதே நரம்பு மண்டலத்தில்தான். உலக வலி ஆய்வுச் சங்கம் 2020இல் வலியின் வரையறையைத் திருத்தியபோது, அது உடல் உணர்வும் மன உணர்வும் சேர்ந்த அனுபவம் என்பதை அப்படியே வைத்துக்கொண்டது. கூடவே ஒரு குறிப்பையும் சேர்த்தது: ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும்.

இனி மருந்து. இங்கே உங்களுக்கு நல்ல செய்தி கொஞ்சம்தான்.

பழைய மருந்துகளை வைத்துச் செய்த நேர்மையான சோதனைகளின் முடிவுகள் சோர்வூட்டுபவை. புதிதாக வந்த முதுகு வலிக்கு பாராசிட்டமால் கொடுத்து ஆஸ்திரேலியாவில் சுமார் 1,650 பேரிடம் சோதித்தார்கள். 2014இல் முடிவு வந்தது: வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட சீக்கிரம் குணமாகவில்லை. சயாட்டிகா எனும் கால்வரை இறங்கும் வலிக்கு பிரீகாபலின் கொடுத்துப் பார்த்த 2017 ஆய்விலும் அப்படித்தான், தலைசுற்றல்தான் கூடியது. நம் ஊரில் முதுகு வலி என்று போனாலே இந்த மாத்திரையை எழுதிவிடுகிறார்கள், அது எனக்கு வருத்தம். சர்க்கரை நோய் நரம்பு வலிக்கும் அக்கி வந்துபோன இடத்து வலிக்கும் அது உதவும், எல்லா இடுப்பு வலிக்கும் அல்ல. அபின் வகை மாத்திரைகளை நாட்பட்ட முதுகு, மூட்டு வலிக்காரர்கள் 240 பேரிடம் ஒரு வருடம் வைத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2018இல் வந்தது. வலியிலும் அன்றாட வேலையிலும் சாதாரண மருந்துகளைவிட அவை மேலாக இல்லை, பக்கவிளைவுதான் அதிகம். புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் கொடுப்பது முற்றிலும் வேறு விஷயம், அதை இதோடு குழப்பி யாருக்கும் மறுத்துவிடக் கூடாது.

ஓரளவு நம்பகமான ஆதாரம் உள்ளது டுலாக்செட்டின். மனச்சோர்வுக்கான மருந்து என்பதால் வீட்டில் பதறுவார்கள். மூளையிலிருந்து இறங்கி வந்து 'கதவை' சாத்தும் பாதைகளுக்கு வலுக்கொடுப்பதால் வலிக்கும் தருகிறார்கள், அம்மாவுக்கு மனநோய் என்று அர்த்தம் இல்லை. பலன் நடுத்தரமானது, ஆளுக்கு ஆள் மாறும். சொந்தமாகத் தொடங்கவோ திடீரென்று நிறுத்தவோ கூடாது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் பற்றி ஒரு வார்த்தை: மாதக்கணக்கில் சாப்பிட்டால் வயிற்றுப் புண், சிறுநீரகப் பாதிப்பு, இதயத்துக்கும் ஆபத்து. அம்மாவுக்கு சர்க்கரையோ பிரஷரோ இருந்தால் இன்னும் கவனம்.

புதிய மருந்தின் கதை பாகிஸ்தானில் தொடங்குகிறது. வடபகுதியில் ஒரு சிறுவன் தெருவில் வித்தை காட்டிப் பிழைத்துவந்தான். கையில் கத்தியைச் செருகிக்கொள்வான், நெருப்புத் தணலில் நடப்பான், வலியே தெரியாது. 14 வயது நிறைவதற்குள் வீட்டுக் கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். அவன் உறவினர்களிலும் இதே தன்மை உள்ளவர்கள் இருந்தார்கள். அவர்களை ஆராய்ந்து 2006இல் வெளியிட்டார்கள்: நரம்பு முனையில் சோடியத்தை உள்ளே விடும் ஒரு வாயிலை உருவாக்கும் மரபணு பழுதாகியிருந்தது. அந்த வாயிலை மருந்தால் அடைத்தால் போதுமே என்று பல கம்பெனிகள் இறங்கின. ஒன்றும் கடைக்கு வரவில்லை. அதன் உறவான இன்னொரு சோடிய வாயிலை அடைக்கும் சுசெட்ரிஜின் என்ற மாத்திரைக்கு 2025 ஜனவரியில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அடிமைப்படுத்தாத வலி மருந்து என்பதால் பெரிய செய்தியானது. ஆனால் அனுமதி, அறுவை சிகிச்சைக்குப் பின் வருவது போன்ற புதிய வலிக்குத்தான். முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் நாட்பட்ட வலியில் சோதித்தபோது பத்துக்கு இரண்டு புள்ளி வலி குறைந்தது, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் அதே இரண்டு புள்ளி குறைந்தது. ஆகவே யாராவது "அமெரிக்காவில் புது மருந்து, வரவழைத்துத் தருகிறேன்" என்றால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

ஒரு டாக்டர் சொன்ன ஆபரேஷன் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். ஜவ்வு பிதுங்கி நரம்பை நசுக்கிக் கால்வலி தாங்க முடியாதவர்களுக்கு அது சீக்கிரம் நிம்மதி தரும். நெதர்லாந்தில் 283 பேரை வைத்துச் செய்த 2007 ஆய்வில், உடனே ஆபரேஷன் செய்தவர்களும் பொறுத்துப் பார்த்தவர்களும் ஒரு வருடத்தில் ஒரே நிலைக்குத்தான் வந்தார்கள். காலுக்கு இறங்காத வெறும் இடுப்பு வலிக்கு, லேசான பிதுக்கத்தை மட்டும் காட்டிக் கத்தி வைக்கச் சொன்னால், கட்டாயம் இன்னொரு டாக்டரையும் பாருங்கள்.

எனக்கு நம்பிக்கை தருவது மருந்தில்லாத ஆய்வுகள்தான். ஆஸ்திரேலியாவில் பெர்த், சிட்னி நகரங்களில், நீண்ட நாள் முதுகு வலியால் முடங்கியிருந்த 492 பேரிடம் ஒரு சோதனை நடத்தி 2023இல் வெளியிட்டார்கள். பிசியோதெரபிஸ்ட் முதலில் அவர்கள் கதையை முழுதாகக் கேட்பார். வலி எப்படி வேலை செய்கிறது என்று விளக்குவார். பயந்து தவிர்த்த அசைவை, குனிவதை, தூக்குவதை, கூடவே நின்று கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யவைப்பார். மூன்று மாதத்தில் அதிகபட்சம் ஏழு முறை, அப்புறம் ஆறாம் மாதத்தில் ஒரு முறை. அவ்வளவுதான். வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களைவிட இவர்கள் அன்றாட வேலைகளில் நன்றாகத் தேறினார்கள், ஒரு வருடம் கழித்தும் அந்தத் தேர்ச்சி நின்றது. முதுகில் விலை உயர்ந்த உணர்கருவி ஒட்டி ஒரு குழுவுக்கு இதையே செய்தார்கள், கருவியால் கூடுதல் பலன் இல்லை.

அமெரிக்காவில் கொலராடோவில் 151 பேரிடம் செய்த இன்னொரு ஆய்வில், இந்த வலி ஆபத்தின் அடையாளம் இல்லை என்று மூளைக்குத் திரும்பப் பழக்கினார்கள். நான்கு வாரத்தில் 66 சதவீதம் பேருக்கு வலி அறவே இல்லை அல்லது ஏறக்குறைய இல்லை. வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் அது 10 சதவீதம். கவனிக்க வேண்டியது, அவர்களில் பெரும்பாலோருக்கு இருந்தது மிதமான வலி, எல்லோரும் அமெரிக்காவில் ஒரே பகுதிக்காரர்கள். நம் ஊரில் அதே எண் வரும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கற்றுக்கொண்ட வலியை மறக்கவும் கற்றுக்கொள்ளலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை.

அப்புறம் நடை. முதுகு வலி வந்து குணமான 701 பேரில் ஒரு பாதியினருக்கு நடைப் பயிற்சித் திட்டம் கொடுத்தார்கள். நடந்தவர்களுக்கு வேலையை முடக்கும் வலி மறுபடி வரச் சராசரியாக 208 நாள் ஆனது, நடக்காதவர்களுக்கு 112 நாள். இது 2024இல் வந்த முடிவு. அது குணமானவர்களுக்கு, அம்மாவுக்கு இன்னும் வலி இருக்கிறது என்பது தெரியும். இருந்தாலும் செலவில்லாத, தீங்கில்லாத தொடக்கம் என்றால் நான் நடையைத்தான் சொல்வேன்.

அம்மா எவ்வளவு தூரம் வலி கூடாமல் நடக்கிறார் என்று மூன்று நாள் பாருங்கள். அதில் கொஞ்சம் குறைத்துத் தொடங்குங்கள். தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரை என்றால் அதுவரை. வலி குறைந்த நாளில் உற்சாகத்தில் இரண்டு மடங்கு நடந்துவிட்டு, அடுத்த மூன்று நாள் படுத்துக்கிடப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. நல்ல நாளிலும் அதே தூரம், மோசமான நாளிலும் முடிந்தவரை அதே தூரம். வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் கூட்டலாம். நடந்த மறுநாள் வலி லேசாகக் கூடினால் உள்ளே எதுவும் கிழியவில்லை, நாய் குரைக்கிறது என்று அர்த்தம். தூரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு தொடரட்டும். முதல் இரண்டு வாரம் நீங்களும் கூட நடங்கள், வழியில் வலியைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் குறுக்கிடாமல் கேளுங்கள்.